நாலு பேருக்கு டிக்கெட்

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொல்லிவைத்த மகராசன் யாரோ, அவன் ஒரு வீட்டைக் காலி பண்ணிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பான். நர்ஸ் வீட்டில் அந்த மாதம் முழுக்க அந்தக் கூத்துதான். வாசல் மணி அடிக்கும். முன்பின் தெரியாத யாராவது உள்ளே வந்து சோபாவில் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்து பார்ப்பார். இன்னொருவர் பீரோவைத் திறந்து, தொங்கும் துணிகளை ஒதுக்கிவிட்டுப் பின்பலகையைத் தட்டுவார். கரையான் உண்டா என்று கேட்பார். சொந்த வீட்டிலேயே கடைக்காரி ஆகிவிட்டது போல நர்ஸுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆனாலும் அது ஆசைப்பட்டுத் தலையில் ஏற்றிக்கொண்ட சுமை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் இடுப்பொடிய வேலை பார்த்தவள் அவள். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வி, மூன்றாம் தடவை தேறினாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி வேலை கொடுத்தது; குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றது. அவள் கணவன் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்ப்பவன். மெக்கானிக் வீடு என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்குப் பதினைந்து வயது. சின்னவனுக்கு ஆறு; அவன் அடிக்கும் கொட்டத்துக்கு வாலு என்று யாரோ கூப்பிடப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

பெரியவள் நர்ஸ் பெற்ற பிள்ளை அல்ல. மெக்கானிக்கின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். நர்ஸ் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது குழந்தைக்கு நாலு வயது. முதல் நாள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்தது. ஒரு வாரத்தில் இடுப்பை விட்டு இறங்கமாட்டேன் என்றது. அம்மா என்று கூப்பிட யாரும் சொல்லித்தரவில்லை, அதுவாகவே கூப்பிட்டது. பெற்றவளைப் பற்றி மெக்கானிக் கல்யாணத்துக்கு முன்பு சொன்னது ஒரே வாக்கியம். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நர்ஸ் கேட்கவில்லை. வார்டுக்கு ஒரு நோயாளி வந்தால் குலம் கோத்திரம் தவிர மற்றதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பவள், வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் குழந்தை முழுசாகத் தன்னுடையது என்று நினைத்தாளோ என்னவோ. பெரியவளுக்கு விவரம் தெரிந்த வயதில் அப்பா அவளுக்கும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னான். அவளும் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தடுப்பூசி போட்டாகிவிட்டது. வாலு அந்த ஊசியைச் சாக்காக வைத்து, கையைத் தூக்கவே முடியவில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, அதே கையால் பந்து எறிந்துகொண்டிருந்தான். அப்போதுதான் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். பெரியவள் மைனர், பெற்ற தாய் உயிரோடு இருக்கிறார் என்றால், பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக அவருடைய சம்மதம் வேண்டும், நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இதை முன்பே சொல்லியிருக்கவேண்டும், விட்டுப்போய்விட்டது என்று ஏதோ கடையில் பாக்கிச் சில்லறை தர மறந்தது போல அவள் சொன்னாள்.

மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை என்று ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றான்.

"நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"தெரியாது."

பூட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். மானிட்டரில் ஓடும் கோடு ஒழுங்காக இருக்கும்போதே நோயாளியின் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. கணவனின் முகத்தை அன்றைக்குப் பார்த்தாள். பார்த்துவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பட்டறையை மெக்கானிக்கின் கூட்டாளி எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மெக்கானிக் எங்கோ வேலைக்குப் போயிருந்தான். கூட்டாளி மட்டும் ஒரு பழைய கம்ப்ரஸரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மனதில் பூட்டி வைக்கத் தெரியாத ஆள். இனிமேல் எல்லா வீட்டுக்கும் தான் ஒருவனே ஓடவேண்டும் என்று புலம்பிக்கொண்டே வந்தவன், போகிறபோக்கில் சொன்னான்: "அந்த பேக்கரிக்கு மட்டும் எப்பவுமே நான்தான் போறேன் அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கே. அவங்க ஃப்ரீஸர் கெட்டுப்போச்சுன்னு போன் வந்தா, அண்ணன் எடுக்கவே மாட்டாரு. என் கையில குடுத்துடுவாரு."

ஏன் என்று கேட்டாள். கூட்டாளி அப்போதுதான் தான் சொன்னதைத் தானே கேட்டவன் போல ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு வேறு வழியில்லாமல், அங்கே கேக் போடுகிற அம்மா யார் என்று சொன்னான்.

பேக்கரிக்குப் போவதற்கு முன் நர்ஸ் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள். வேண்டுமென்றேதான். மூன்றாவதில் ஏறினாள்.

சின்னக் கடை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் பன்னும் பிஸ்கெட்டும். பின்பக்கம் அடுப்பின் வெக்கை. நடுவில் ஒரு நீள மேஜை. தலைக்கு வலைத் தொப்பி போட்ட ஒருத்தி, யாருடைய பிறந்த நாளுக்கோ ஒரு கேக்கின் ஓரத்தில் க்ரீம் பூ பிழிந்துகொண்டிருந்தாள். நர்ஸைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முகவாயைப் பார்த்ததுமே நர்ஸுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவள் கணக்குப் போடும்போது அப்படித்தான் முகவாயை முன்னால் தள்ளிக்கொள்வாள். அது அவளாகப் பழகிக்கொண்டது என்று நர்ஸ் இத்தனை நாளாக நினைத்திருந்தாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். க்ரீம் பையை மேஜையில் மெல்ல வைத்தாள்.

"சிஸ்டர்தானே?" என்றாள்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் உறவுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லாமல் இல்லை. ஆனால் அது சண்டை போடும்போது மட்டும் வாயில் வருகிற சொல். நல்லபடியாகப் பேச உட்கார்ந்தால் அது உதவாது. நல்லவேளை, நர்ஸை உலகமே சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. பேக்கரிக்காரியும் அதையே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் இரண்டொரு தடவை நர்ஸைப் பார்த்திருப்பதாகச் சொன்னாள். பஸ்ஸிலிருந்து. இறங்கியதில்லை.

நர்ஸ் வந்த காரியத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பேக்கரிக்காரி மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நர்ஸை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றபடியே பேசினாள்.

குழந்தை பிறந்த சில நாளிலேயே தனக்கு உடம்பும் மனசும் விட்டுப்போனது என்றாள். சாப்பிடத் தோன்றாது, தூக்கம் வராது, குளிக்கப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பாளாம். "கொழந்த அழறது கேக்கும் சிஸ்டர். ஆனா யாரோ பக்கத்து வீட்டுக் கொழந்த அழற மாதிரி இருக்கும். நம்ம வீட்டுதுதான், எழுந்து போகணும்னு தோணவே தோணாது." அவளுடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரி, மாத்திரை, மறுபடியும் ஆஸ்பத்திரி. அதற்குள் விவாகரத்துப் பத்திரம் வந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எதில் போடுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகித்தான் ஆளாக எழுந்து நடமாடினாள். நடமாடத் தொடங்கியதும் முதலில் குழந்தையைப் பார்க்கத்தான் போனாள். மெக்கானிக் கதவை ஒரு கை அகலம் திறந்தான். குழந்தை தூங்குகிறது என்று சொல்லிச் சாத்தினான். கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் போனாள். அப்போது கதவே திறக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பேசினான்.

"மூணாவது தடவ வந்தப்ப நீங்க உள்ள இருந்தீங்க" என்றாள் பேக்கரிக்காரி. "குக்கர் சத்தம் கேட்டுச்சு. அவரு வாசல்லயே நின்னு, போயிடு போயிடுன்னு மெதுவா சொல்லிட்டிருந்தாரு. உள்ள கொழந்த 'அம்மா'ன்னு கூப்பிட்டா. பதில் சொல்ல நான் வாயத் தொறந்துட்டேன் சிஸ்டர். அதுக்குள்ள நீங்க 'என்னம்மா'ன்னீங்க. அப்புறம் நான் வரல."

அந்த நாளை நர்ஸால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. எத்தனையோ நாள் குக்கர் வைத்திருக்கிறாள். எத்தனையோ தடவை என்னம்மா என்றிருக்கிறாள். அதில் ஏதோ ஒன்று அது.

"கையெழுத்து போடறேன்" என்று பேக்கரிக்காரி தானாகவே சொன்னாள். "அதுக்குப் பதிலா இது குடு அது குடுன்னு கேக்க மாட்டேன். ஆனா நான் அவள விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டே அவ அவ்வளவு தூரம் போகக் கூடாது. அத மட்டும் யாராவது சொல்லிடுங்க."

பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோதுதான், தன் கையில் ஒரு பொட்டலம் பன் இருப்பதை நர்ஸ் பார்த்தாள். எப்போது வாங்கினாள், அவளாக வாங்கினாளா அவர்கள் கொடுத்தார்களா என்பது தெரியவில்லை.

வீட்டில் மெக்கானிக் பெட்டிகளைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தான். போய்விட்டு வந்த இடத்தைச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவனிடமும் ஒரு கதை இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது, குளியலறையில் தண்ணீர் நிரம்பி வழிகிற வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை எக்கி நின்றிருந்தது. பெற்றவள் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாளி இன்றைக்கும் தன் கனவில் வரும் என்றான். நர்ஸ் அதை நம்பினாள். அப்படிப்பட்ட வாளிகளிலிருந்து எடுத்துக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை அவள் வார்டில் பார்த்தவள்.

"அது நோய்" என்றாள். "நோய் தீந்து வந்தவங்கள ஏன் விடல?"

அவன் தராசை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "பயம்தான் மொதல்ல. அப்புறம் பழகிப்போச்சு. ஒரு தடவ சாத்திட்டா, அடுத்த தடவ சாத்தறது சுலபமா இருக்கு."

நர்ஸுக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் கதவைத் திறக்க அவள் போயிருந்தால் என்ன செய்திருப்பாள்? வாருங்கள், உங்கள் பிள்ளை, பாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டிருப்பாளா? எத்தனை தரம் தன்னையே கேட்டுப்பார்த்தாலும் ஆமாம் என்று பதில் வரவில்லை. அவன் சாத்தியது அவளுக்கும் சேர்த்துத்தான்.

பெரியவளிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று அவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாமே என்று ஒரு யோசனை வைத்தான். அங்கே போன பிறகு அவள் கோபித்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம் வேண்டாமா என்று நர்ஸ் கேட்டாள். கடைசியில், கட்டிலும் பீரோவும் போய் அறை வெறிச்சென்று கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான். நன்றாகச் சொல்லவில்லை. வாளியை இரண்டு தடவை சொன்னான், கதவை விழுங்கப் பார்த்தான். நர்ஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் கதவையும் சொன்னான்.

பெரியவள் அழுவாள், கத்துவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்திருந்தார்கள். அவள் தரையில் பீரோவின் கால் பதிந்திருந்த தடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க வீட்ல இருந்தீங்களா?" என்று கேட்டாள்.

இருந்தேன், ஆனால் எனக்குத் தெரியாது என்றாள் நர்ஸ். அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு 'நீங்க' இருந்தது. நாலு வயது முதல் அம்மாவை நீ, வா, போ என்று கூப்பிட்ட வாய் அது. முன்பின் தெரியாத டாக்டரைக் கேட்பது போல மரியாதை கொடுத்துக் கேட்டுவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியவள் தானாகவே பேக்கரிக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று நர்ஸுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, பெரியவள் சொல்லவில்லை. சட்டை முழுக்க வெண்ணிலா வாசனையோடு வருவாள். வாலுவுக்கு மட்டும் கேக் துண்டு கொண்டுவருவாள். அவன் வாயெல்லாம் க்ரீமோடு, நாமும் அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே குடி போய்விடலாமே, எதற்கு ப்ளேன் என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பேக்கரிக்காரி சொன்ன சொல் தவறவில்லை. நோட்டரி ஆபீஸில், சாயம் போன ஒரு பெஞ்சில் மெக்கானிக் ஒரு கோடியிலும் அவள் மறுகோடியிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் நர்ஸும் பெரியவளும். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று. பேக்கரிக்காரி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். வேண்டாம், கடையை அடைக்காமல் வந்திருக்கிறேன், சீக்கிரம் போகவேண்டும் என்றாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. ஏஜென்ட் ஆபீஸுக்குப் போன் பண்ணியபோது அந்தப் பெண், இனிமேல் ஒரு தடையும் இல்லை, பிள்ளையை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஆபீஸ் படியில் இறங்கும்போது பெரியவள் நின்றாள்.

"நான் இப்ப வரல" என்றாள். "பத்தாவது பரீட்ச முடியற வரைக்கும் இங்கயே இருக்கேன். அவங்கள எனக்கு இப்பத்தான் தெரியும்."

மெக்கானிக் குரலை உயர்த்தினான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வீட்டைக் காலி செய்தாகிவிட்டது, பட்டறையைக் கொடுத்தாகிவிட்டது, விளையாட்டா இது என்றான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கரிக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. தன்னால் வந்த வினை என்று பயந்தாள் போலும். நீ போம்மா, நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், எப்போது வந்தாலும் இந்தக் கடையில்தான் இருப்பேன் என்று கெஞ்சினாள். பெரியவள் முகவாயை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். நகரவில்லை. பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரியின் முகவாயும் அதே மாதிரி இருந்தது. நர்ஸ் மட்டும் அதைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்கால ஷிஃப்டில் நர்ஸ் வேலையோடு வேலையாக யோசித்தாள். கூட்டிக்கொண்டு போக முடியும். முத்திரை விழுந்த காகிதம் கையில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து ப்ளேனில் ஏற்றினால் ஏறித்தான் ஆகவேண்டும். அங்கே போய்க் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருக்கும். புதுப் பள்ளிக்கூடம், புது சிநேகிதிகள் என்று பிறகு சரியாகும். பிள்ளைகள் மறந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மெக்கானிக்கும் அன்றைக்கு அந்த நம்பிக்கையில்தான் கதவைச் சாத்தியிருப்பான். ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் சட்டென்று நின்றாள். மருந்து சரியான அளவில் இறங்குகிறதா என்று மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

காலையில் மெக்கானிக்கிடம் சொன்னாள். தான் மட்டும் முதலில் போகிறேன். அவன் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கட்டும். பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஆஸ்பத்திரி இனி ஒரு வாரம்கூடக் காத்திருக்காது, இங்கே ராஜினாமாவும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அதனால் அவள் போய்த்தான் ஆகவேண்டும்.

அவனுக்கு அது தலையில் ஏறவேயில்லை. போனால் எல்லோரும் போவது, இல்லையென்றால் யாரும் போகவேண்டாம் என்றான். பெண்டாட்டியைத் தனியாக அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும் என்றான். வாலு அம்மா இல்லாமல் சாப்பிடமாட்டானே என்றான். அது மட்டும் நர்ஸைச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை.

"கதவ நீங்கதானே சாத்தினீங்க" என்றாள். கோபமே இல்லாத குரல். "இப்ப கொஞ்ச நாள் தொறந்து வெச்சுக்கிட்டு நீங்களே பக்கத்துல நில்லுங்க."

அப்புறம் கட்டினதையெல்லாம் அவிழ்க்கிற வேலை. நாலு பெட்டியில் அடைத்ததைக் கொட்டி, ஒரே ஒரு பெட்டிக்கு வேண்டியதைப் பொறுக்கினாள். சோபாவை எடுத்துக்கொண்டுபோனவரிடம் திரும்பக் கேட்க முடியாது. தரையில் பாய் விரித்தார்கள். வீட்டுக்காரரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இன்னும் சில மாதம் இருக்க அனுமதி வாங்கினான் மெக்கானிக். பட்டறைக்குப் போய்த் தயங்கித் தயங்கி நின்றபோது, கூட்டாளி ஒன்றும் கேட்காமல் தன் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, பாதி மேஜையைக் காலியாக்கிக் கொடுத்தான். வழியனுப்பு விருந்து வைத்துச் சாப்பிட்ட அக்கம்பக்கத்தாரின் முகத்தில் விழிப்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ப்ளேன் கெட்டுப்போய்விட்டது, அப்பா ரிப்பேர் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வாலு தெருவெல்லாம் தானாகவே ஒரு செய்தியைப் பரப்பிவிட்டான். அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நர்ஸ் பேக்கரிக்குப் போனாள். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது, போகிறவள் வருகிறவளிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நின்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவள் நர்ஸே அல்ல. பேக்கரிக்காரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நர்ஸ் உட்காரவில்லை.

குளிர் காலத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கும் என்றாள். இன்ஹேலர் பையின் முன் அறையில் இருக்கும். ஆனால் அவளாக எடுக்கமாட்டாள், சிநேகிதிகள் பார்ப்பார்கள் என்று வெட்கம். பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு வலி என்பாள். வலி பொய்யல்ல, ஆனால் மருந்து வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கோபம் வந்தால் சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள். ஊட்டப் போகக் கூடாது, மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடவேண்டும், கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாகியிருக்கும். வலது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கும். ஊஞ்சலிலிருந்து விழுந்தது, நாலு தையல். அழவே இல்லை அன்றைக்கு. நான்தான் அழுதேன்.

பேக்கரிக்காரி பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாவு கை இரண்டும் அந்தரத்தில் நின்றன.

"வேற, சிஸ்டர்?"

"வேற..." என்றாள் நர்ஸ். நிறைய இருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "அவ்வளவுதான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

விமான நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பெரியவளும் வந்தாள். பெட்டியை அவளே தள்ளினாள். வாலு தூங்கிப்போய் அப்பா தோளில் கிடந்தான். அதனால் அவன் அழுவதை நர்ஸ் பார்க்க நேரவில்லை. உள்ளே போகவேண்டிய நேரம் வந்ததும் பெரியவள் அவளைக் கட்டிக்கொண்டாள். இறுக்கமாகத்தான் கட்டிக்கொண்டாள்.

புது நாட்டில் நர்ஸுக்கு ஆஸ்பத்திரியை ஒட்டியே ஒரு அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, எந்நேரமும் சாத்தியே இருக்கும் ஒரு ஜன்னல். வேலை பழைய வேலைதான். மெஷின்களின் சத்தம்கூட அதேதான். மெக்கானிக் தினமும் போன் பண்ணினான். வாலு சாப்பிடுகிறான், முதலில் அடம் பிடித்தான், இப்போது பரவாயில்லை என்றான். பேக்கரி ஃப்ரீஸர் மறுபடியும் நின்றுபோனபோது தானே போய்ச் சரி பண்ணியதாகவும், அந்த அம்மா அவனுக்கு டீ கொடுத்ததாகவும், அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும் ஒரு நாள் சொன்னான். பரீட்சை முடிந்ததும் டிக்கெட் எடுக்கலாமா என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். எனக்கும் வாலுவுக்கும் எடுத்துவிடலாம். பெரியவளைக் கேட்டால் பார்க்கலாம் என்கிறாள், நானும் அதற்கு மேல் நெருக்கவில்லை என்றான்.

ஒரு நாள் பெரியவளே கூப்பிட்டாள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியதாகச் சொன்னாள். பேச்சுக்கு நடுவில் மூச்சு இழுப்பது நர்ஸுக்குக் கேட்டது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா, மருந்து எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டேன், பேக்கரியில் அவர்கள் விடவில்லை, பக்கத்திலேயே நின்று எடுக்க வைத்தார்கள் என்று பெரியவள் அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பு நர்ஸுக்கு நன்றாகத் தெரிந்த அலுப்பு. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் ம் என்றாள்.

போனுக்குப் பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு குரல், யாரையோ ஒரு செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கைக்குழந்தையைக் கொஞ்சும்போது வைக்கிற, அர்த்தமில்லாத, சின்னப் பெயர். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நர்ஸ் ஒரு கணம் யோசித்தாள்.

"இதோ வரேன்" என்று பெரியவள் அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

பதினொரு வருஷம் வளர்த்தவளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது. மறுபடியும் கூப்பிடுவார்களோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர்கள் கூப்பிடவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று பெரியவள் சொன்னாள். போய் வேலையைப் பார் என்று நர்ஸும் சொன்னாள். ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.